ஒகேனக்கல்லில் பரிசலை நாமே ஓட்ட முடியாது

ஒரு நண்பர், ஒகேனக்கல்லில் பரிசலை வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டலாம், வருடம் முழுக்கப் போகலாம் என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு, நம்பிக் குழந்தைகளோடு யாரும் கிளம்பிவிடாதீர்கள்.

இங்கிலாந்துக் கால்வாய்களில் படகை வாடகைக்குக் கொடுத்து, கொஞ்ச நேரம் சொல்லிக்கொடுத்து நம் கையிலேயே விட்டுவிடுவார்கள், ஓட்டுபவருக்கு லைசென்ஸ் கூட வேண்டாம். அங்கே அது சரிப்படும், ஏனென்றால் தண்ணீர் கிட்டத்தட்ட அசையாது, படகின் வேக வரம்பும் மணிக்கு 4 மைல்தான். இங்கே ஓடுவது காவிரி, பாறைகளுக்கு நடுவில் சுழலும் இழுப்பும் உள்ள ஆறு. பரிசலுக்கு முன்பக்கம், பின்பக்கம், சுக்கான் எதுவும் கிடையாது. ஒற்றைத் துடுப்பை வாகாகப் போடத் தெரியாவிட்டால் நின்ற இடத்திலேயே சுற்றும், அப்புறம் நீர் இழுக்கும் பக்கம் போய்விடும். அதனால்தான் உரிமம் உள்ள பரிசல் ஓட்டிதான் ஓட்டுவார், நாம் லைஃப் ஜாக்கெட் போட்டு உட்கார வேண்டும்.

பக்கத்து ஊரான பென்னாகரத்தில் வெயில் கொளுத்தும்போதும் ஆற்றில் வெள்ளம் வரலாம். கர்நாடகாவில் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளில் திறக்கும் நீர் மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலு வழியாக வருகிறது, அங்கே மத்திய நீர்வள ஆணையம் அளக்கிறது. வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போட்டுவிடும். கிளம்பும் அன்று காலை அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு வாருங்கள்.