ஆஸ்திரேலிய மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்ட் தொடர் வெற்றி எது?

இந்திய அணி ஆஸ்திரேலியாவில் முதன்முறையாக டெஸ்ட் தொடரை வென்றது 2020-21 சுற்றுப்பயணத்தில்தான் என்றும், பிரிஸ்பேன் காபா மைதானத்தில் ஆஸ்திரேலியா அதற்குமுன் ஒருபோதும் தோற்றதே இல்லை என்றும் கூறும் செய்தி ஒன்று வாட்ஸ்அப்பில் பகிரப்படுகிறது. இரண்டும் தவறு.

முதல் தொடர் வெற்றி 2018-19 பயணத்தில், விராட் கோலியின் தலைமையில், 2-1 என்ற கணக்கில் கிடைத்தது. அடிலெய்டிலும் மெல்பர்னிலும் இந்தியா வென்றது, பெர்த்தில் தோற்றது, சிட்னி ஆட்டம் டிராவானது. மூன்று சதங்களுடன் 521 ரன்கள் குவித்த சேதேஸ்வர் புஜாராவின் உழைப்பை இச்செய்தி அடியோடு மறைத்துவிடுகிறது என்பதே எனக்கு வருத்தம்.

காபாவில் 1988-இல் மேற்கிந்தியத் தீவுகள் அணியிடம் ஆஸ்திரேலியா தோற்றிருக்கிறது. அதன்பின் 2021 ஜனவரி 19 அன்று இந்தியாவிடம் தோற்கும் வரை அங்கே அது டெஸ்டில் தோற்கவில்லை என்பதே சரியான தகவல். அந்த 2020-21 பயணத்தில் அடிலெய்டில் 36 ரன்களுக்குச் சுருண்டு, கோலி நாடு திரும்பி, முன்னணிப் பந்துவீச்சாளர்கள் ஒவ்வொருவராகக் காயமடைந்த பிறகு, அஜிங்க்ய ரஹானேயின் தலைமையில், வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராகச் சென்ற சேலம் மாவட்டத்து நடராஜனும் அறிமுகமான அந்த ஆட்டத்தில் 328 ரன் இலக்கை எட்டிய அணிக்கு மிகைப்படுத்தல் தேவையே இல்லை.

கிரிக்இன்ஃபோ தளத்தின் ஸ்கோர் அட்டைகளில் இவற்றை யாரும் சரிபார்க்கலாம். அச்செய்தியை மேலும் பகிர வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம். அனுப்பியவருக்கும் இந்த விவரத்தைத் தெரிவியுங்கள்.