பெலத்தோர் கல்லாவில் 750 கோல்டுதான்

வேலை முடிந்து வந்து ஒரு டிராகனையாவது கொன்றுவிட்டுத் தூங்கலாம் என்று ஸ்கைரிம் கேமைத் திறந்தேன். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஒயிட்ரன் என்கிற ஊரின் வாசல் பக்கத்துப் பட்டறையில் நின்று தோல் வெட்டிக்கொண்டிருக்கிறேன். பின்னால் வந்து எட்டிப் பார்த்த அம்மா கேட்டார்: "இதுக்குத்தான் இவ்வளவு காசு போட்டு கம்ப்யூட்டர் வாங்கினியா? நிஜப் பட்டறையில போய்த் தட்டியிருந்தா கூலியாவது குடுத்திருப்பான்." பதில் சொல்ல வாய் வரவில்லை. அவர் சொன்னதில் தப்பே இல்லை.

2011-ல் வந்த கேம் இது. இத்தனை வருஷத்தில் எத்தனையாவது தடவையாக ஆரம்பிக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் "இந்த முறை கிராஃப்டிங், அதாவது பொருள் செய்யும் வேலை பக்கமே போக மாட்டேன்" என்று சபதம் எடுப்பேன். வழியில் ஒரு ஓநாய் பாயும், அதைக் கொன்றால் தோல் கிடைக்கும். ஒரு தோலை வெட்டினால் நாலு வார். ஒரு வாரும் ஒரு இரும்புக் கட்டியும் சேர்ந்தால் ஒரு குத்துவாள். அவ்வளவுதான், சபதம் போச்சு.

சரி, குத்துவாள் செய்தால் ஸ்மிதிங் என்கிற கொல்லர் திறமை ஏறுமே என்று பார்த்தால், அந்தக் காலம் 2012-லேயே மலையேறிவிட்டது. முன்னால் எதைச் செய்தாலும் ஒரே அனுபவப் புள்ளி. 1.5 பேட்ச் என்கிற அப்டேட் வந்த பிறகு பொருளின் விலையைப் பொறுத்துத்தான் புள்ளி. உடனே எல்லாரும் தங்க மோதிரம் செய் என்றார்கள். ஒயிட்ரனுக்கு வடக்கே ஹால்டட் ஸ்ட்ரீம் கேம்ப் என்று ஒரு கொள்ளைக்கூட்டத்தின் சுரங்கம். அங்கே டிரான்ஸ்மியூட் மந்திரப் புத்தகம் கிடக்கிறது. இரும்புத் தாது வெள்ளியாகும், வெள்ளி தங்கமாகும். கேட்க இனிப்பாக இருக்கிறதா? இரண்டு தங்கத் தாது சேர்ந்தால்தான் ஒரு கட்டி, ஒரு கட்டிக்கு இரண்டு மோதிரம். அதாவது இரண்டு மோதிரத்துக்கு நாலு தடவை மந்திரம் போட வேண்டும். ஆரம்பத்தில் ஒரு தடவை போட்டாலே மாஜிக்கா என்கிற மந்திர சக்தி வற்றிவிடும். அது ஊறும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நில்.

இப்படியே மோதிரம் செய்து செய்து லெவல் 25 ஆகிவிட்டேன். ஊருக்கு வெளியே காலை வைத்தால் எதிரிகளும் என் லெவலுக்கு ஏற்ற மாதிரி வளர்ந்து நிற்கிறார்கள். எனக்கோ வாளைச் சரியாக வீசத் தெரியாது. நகை ஆசாரியைக் கொண்டுபோய் யுத்தகளத்தில் நிறுத்தினால் என்ன ஆகும்? ஒரு கரடி இரண்டே அறையில் முடித்துவிட்டது.

பொருளுக்கு மந்திரம் ஏற்றும் என்சாண்டிங் இதைவிடக் கொடுமை. ஒரு ஆயுதத்தில் இருக்கும் மந்திரத்தைக் கற்றுக்கொள்ள வேண்டுமானால் அந்த ஆயுதத்தையே அழிக்க வேண்டும். போகட்டும், பேனிஷ் என்கிற மந்திரம் உள்ள ஆயுதம் கிடைத்தது, அழித்தேன், கற்றேன். விற்க இதைவிட விலை கூடின மந்திரம் கிடையாது. மந்திரத்தை ஏற்ற இனி வேண்டியது பெரிய ஆன்மா. கையில் ஆன்மாவைப் பிடித்து அடைக்கிற கல், ஒரே ஒரு காலி கிராண்ட் சோல் ஜெம். யானை மாதிரி இருக்குமே அந்த மேமத், அதைத் தேடிச் சமவெளியில் நடக்கிறேன். வெட்டுப்பட்டுச் சாகிறதன் ஆன்மாவைப் பிடிக்கும் சோல் டிராப் மந்திரத்தை வாளில் போட்டிருக்கிறேன். எங்கிருந்தோ ஒரு சொறி ஓநாய் ஓடி வந்து காலைக் கவ்வியது. யோசிக்காமல் வெட்டினேன். பையில் வேறு ஜெம் இல்லாததால் அதன் அற்ப ஆன்மா நேராகப் போய் என் கிராண்ட் ஜெம்மில் உட்கார்ந்துகொண்டது! கல்யாண அண்டாவில் ஒரு டம்ளர் ரசம் வைத்து மூடி போட்ட மாதிரி. இனி அதில் மேமத் ஏறாது.

அந்த ஜெம்மைக் கீழே போட்டு எடுத்தால் காலியாகிவிடும் என்று இப்போது நீங்கள் சொல்வீர்கள். தெரியும் ஐயா. எரிச்சலில் அதை ஒரு ஓட்டைக் குத்துவாளில் செலவழித்த மறுநாள்தான் தெரிந்தது. கேமுக்குள் ஒருத்தனும் வாயைத் திறந்து சொல்வதில்லை.

அப்புறம் விற்கப் போனேன். என் வயிற்றெரிச்சலின் மையமே இங்கேதான். பேனிஷ் ஏற்றின குத்துவாளின் மதிப்பு 1,200 என்று திரையில் மின்னும். ஸ்பீச் என்கிற பேச்சுத் திறமை ஏறாதவனுக்குக் கடைக்காரர் தருவது அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. சரி, அதையாவது கொடு என்றால், சந்தைக் கடைக்காரர் பெலத்தோர் கல்லாவில் மொத்தமே 750 கோல்டு. தங்கை இருந்தால் அவளையும் விற்றுவிடுவேன் என்று பீற்றிக்கொள்கிற மனுஷனிடம் ஒரு குத்துவாளைக்கூட முழு விலைக்கு வாங்கக் காசில்லை! ஊர் வாசல் பட்டறைக் கொல்லர் ஏட்ரியானிடம் 1,000. கொல்லன் தெருவில் ஊசி விற்கிறோமே என்ற வெட்கத்தை விட்டு அங்கேயும் விற்றேன். மருந்துக்கடை ஆர்காடியாவிடம் 500 இருக்கிறது, ஆனால் ஸ்பீச் 50-ல் மெர்ச்சன்ட் பெர்க் என்கிற சலுகையை எடுக்காதவரை அவர் குத்துவாளைக் கையால்கூடத் தொட மாட்டார்.

கல்லா மறுபடி நிரம்ப கேம் கணக்கில் 48 மணி நேரம். ஒரு தடவைக்கு 24 மணி நேரம்தான் காத்திருக்க முடியும், ஆகவே இரண்டு தடவை அழுத்து. என் பையில் 34 குத்துவாள். பெலத்தோரிடம் மட்டும் விற்றால் கேமில் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். உலகத்தை அழிக்கும் டிராகன் ஆல்டுயின் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கிறான், நான் கடை எப்போது திறக்கும் என்று திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். சேவ் செய்துவிட்டுக் கடைக்காரரைக் குத்திக் கொன்று, பழைய சேவைத் திறந்தால் கல்லா நிரம்பியிருக்கும் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். வியாபாரம் செய்யக் கொலை செய்ய வேண்டிய நிலைமை, பாருங்கள்.

எடை இன்னொரு தலைவலி. லட்சம் கோல்டு வைத்திருந்தாலும் எடை பூஜ்யம், ஒரு டிராகன் எலும்புக்கு மட்டும் 15. கொஞ்சம் கூடினால் ஓட முடியாது, வரைபடத்தில் தொட்ட இடத்துக்குத் தாவும் ஃபாஸ்ட் டிராவலும் கிடையாது. துணைக்கு வரும் லிடியாவின் தலையில் கட்டினால் சுமக்கிறேன் என்று முனகுவதைக் கேட்க வேண்டும். இவ்வளவு பாடுபட்டுச் சேர்க்கிற காசுக்கு என்ன வாங்க? 5,000 கொடுத்து பிரீஸ்ஹோம் வீட்டை வாங்கியாயிற்று. கடைகளில் இருக்கிற எந்த வாளைவிடவும் நான் செய்ததே நல்ல வாள். காசு சேர்க்கும் வித்தை கைவந்த நாளில் காசுக்கு வேலையே இல்லாமல் போகிறது.

நேற்று அப்படித்தான் இரண்டு தடவை 24 அழுத்திவிட்டுச் சந்தைப் பக்கம் போனேன். ராத்திரி நேரம், ஊருக்குள் வேம்பயர்கள் புகுந்துவிட்டன. அடித்து விரட்டிவிட்டுத் திரும்பினால் கடை வாசலிலேயே பெலத்தோர் செத்துக் கிடக்கிறார். என் பையில் இன்னும் 32 குத்துவாள்.