மண்டபத்து வண்டிக்கு என் வீட்டு வாசலா?

இன்று காலை கேட்டைத் திறந்தால் வாசலை அடைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக் கார். கேட்டுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு சாண் இடம்கூட இல்லை. ஆவணி முகூர்த்தம், எதிர்த்த மண்டபத்தில் கல்யாணம். கும்பகோணத்தில் மண்டபத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு மீதியை நான் சொல்லவே வேண்டாம்.

அம்மாவுக்கு நேற்றுதான் கண்புரை ஆபரேஷன். எட்டு மணிக்குக் கட்டுப் பிரிக்க வரச் சொல்லியிருந்தார்கள். ஏழு மணிக்கே ஒரு கண்ணில் கட்டோடு திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

மண்டபத்துக்கு ஓடினேன். பன்னீர் தெளித்தார்கள், கற்கண்டு நீட்டினார்கள். கார் நம்பரைச் சொன்னேன். "டி.என். 82ன்னா மாயவரம். அது மாப்பிள்ளை வீட்டு வண்டிங்க" என்றார்கள் பெண் வீட்டார். மாப்பிள்ளை வீட்டாரிடம் போனால், "டிரைவர் டீ குடிக்கப் போயிருப்பாரு, வந்துடுவாரு." மைக்கில் சொல்லுங்கள் என்று கேட்டேன். "முகூர்த்த நேரத்துல கார் நம்பரெல்லாம் படிக்கக் கூடாது சார், தாலி ஏறட்டும்." நின்றேன். கையில் யாரோ அட்சதையைத் திணித்தார்கள். ஏழே முக்காலுக்குக் கெட்டிமேளம். அட்சதையைப் போட்டுவிட்டு மறுபடி மைக்காரரிடம் போனேன். மூன்று முறை நம்பரைப் படித்தார். ஒருவரும் அசையவில்லை. கடைசியில் ஒரு பையன்தான், "அந்த மாமா பந்தியில இருக்காரு" என்றான்.

பந்தி எங்கே தெரியுமா? அண்டர்கிரவுண்டில். இறங்கிப் போனேன். தூணில் மஞ்சள் பெயிண்டில் 14 என்று எழுதியிருக்கிறது. தரையில் பட்டைபட்டையாக மஞ்சள் கோடு. அந்தக் கோட்டின் மேலேயே மேசை போட்டு, இலை விரித்து, இட்லியும் பொங்கலும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்கு அரசாங்க விதிப்படி ஒதுக்கிய இடம் அது!

2019ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் தெளிவாகவே இருக்கின்றன. கட்டடத்தின் வகையையும் பரப்பையும் பார்த்து, இத்தனை வண்டிக்கு மனைக்குள்ளேயே இடம் விட வேண்டும். ஒரு காருக்கு இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம். பிளானில் அப்படிக் காட்டித்தான் அனுமதி வாங்குகிறார்கள். பணி நிறைவுச் சான்று இருந்தால்தான் இந்த மாதிரிக் கட்டடத்துக்குக் கரண்ட் கிடைக்கும். அதனால் சான்று கைக்கு வரும்வரை அந்த இடத்தைச் சுத்தமாகக் காலியாக வைத்திருந்தார்கள். கரண்ட் வந்த மறுமாதமே மேசையும் நாற்காலியும் லாரியில் வந்து இறங்கின. எதிர்வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு கார் நிற்கிற இடத்தில் எட்டுப் பேருக்கு இலை போடலாம். ஒரு முகூர்த்தத்துக்கு நாலு பந்தி. காரை நிறுத்தினால் என்ன வருமானம்?

வாடகை அவர்களுக்கு, வண்டி எங்களுக்கு. இந்த ஊர்த் தெருக்கள் தேரும் மாட்டுவண்டியும் போவதற்காகப் போட்டவை. வீட்டோடு வீடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஒதுங்க ஒரு சந்து கிடையாது. மன்னார்குடி, திருவாரூர், நாகப்பட்டினம் என்று முகூர்த்தத்துக்கு வருகிற அத்தனை கார்களும் எங்கள் வாசலில்தான் நிற்க வேண்டுமா? ஆம்புலன்ஸ் வந்தால் எந்த வழியாகப் போகும்?

புகார் கொடுக்காமல் இல்லை. போலீசிடம் போனால் கட்டட விஷயம் என்கிறார்கள், கட்டட அலுவலகத்தில் டிராபிக் விஷயம் என்கிறார்கள். 1971ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 56, 57ஆம் பிரிவுகள் இருக்கின்றன. பிளானை மீறினால் நோட்டீஸ் கொடுக்கலாம், பூட்டி சீல் வைக்கலாம். வந்து தூணில் இருக்கிற 14ஐப் பார்த்தால் போதும், வேறு சாட்சியே வேண்டாம். வரத்தான் ஆள் இல்லை. 2028இல் மகாமகம் வருகிறது. லட்சக்கணக்கில் ஜனம் வரும். அப்போதும் அண்டர்கிரவுண்டில் இலைதான் போடுவார்களா?

சரி, அந்த மாமா. "ரெண்டு நிமிஷம் தம்பி, காபி வந்துக்கிட்டு இருக்கு" என்றார். காபி வந்தது, ஆற்றினார், குடித்தார், கை கழுவினார், தாம்பூலப் பை வாங்கினார். வண்டியை எடுக்கும்போது எட்டு இருபத்தைந்து. "வாசல்ல எழுதி வெச்சிருக்கலாமே" என்று எனக்குப் புத்தி வேறு சொல்லிவிட்டுப் போனார். கேட்டில் ஒரு முழ உயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறேன், அய்யா! உங்கள் வண்டிதான் அதை மறைத்துக்கொண்டு நின்றது.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் டாக்டர் தியேட்டருக்குள் போய்விட்டார். பன்னிரண்டு மணி வரை அம்மா ஒற்றைக் கண்ணோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கட்டுப் பிரித்தாயிற்று, பார்வை நன்றாகவே தெரிகிறது. சொட்டு மருந்து வாங்க மருந்துக் கடைக்குப் போனால், ஏழு ரூபாய் சில்லறைக்குப் பதிலாக ஏழு மிட்டாய் எண்ணிக் கொடுக்கிறான். அம்மாவுக்குச் சர்க்கரை என்று அந்தச் சீட்டிலேயே எழுதியிருக்கிறது!