88 சதவீத விபத்துக்குத் தொழிலாளியா காரணம்?

"வேலையிட விபத்துகளில் 88 சதவீதம் தொழிலாளியின் கவனக்குறைவுதான்" என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நம்பாதீர்கள். 1931-இல் ஹைன்ரிச் என்ற அமெரிக்க இன்சூரன்ஸ்காரர் சொன்ன கணக்கு அது. இன்சூரன்ஸ் கோப்புகளையும் ஆலை முதலாளிகளின் பதிவுகளையும் வைத்துப் போட்டார், அதில் அடிபட்டவர் தரப்பு எங்கே வரும்?

தவறு ஆளிடம் இல்லாமல் அமைப்பில் இருக்கலாம் என்பதற்கு ஓர் உதாரணம்: இரண்டாம் உலகப்போரில் பி-17 என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானத்தின் விமானிகள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு சக்கரத்தை மடக்கிவிட, விமானம் வயிறு தேயப் படுத்தது. 'விமானியின் தவறு' என்று எழுதி முடித்தார்கள். அப்புறம் சப்பானிஸ் என்ற உளவியலாளர் காக்பிட்டைப் பார்த்தால், சக்கரத்துக்கும் இறக்கை மடிப்புக்கும் (ஃபிளாப், தரையிறங்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் பலகை) அச்சு அசலாக ஒரே மாதிரி சுவிட்ச், அதுவும் பக்கத்துப் பக்கத்தில்! அவர் செய்த மாற்றம் எளிது: சக்கர சுவிட்சில் குட்டி ரப்பர் சக்கரம், மற்றதில் ஆப்பு வடிவம்; கை பட்டாலே தெரிந்துவிடும். இன்றைய பயணிகள் விமானத்திலும் அந்தக் குமிழ் சக்கர வடிவம்தான்.