லானியன் கிளைடரில் ஏறும் முன்பே

"பீட்டர் லானியன் கிளைடர் ஓட்டக் கற்ற பிறகுதான் அரூப நிலக்காட்சிக்கு வந்தார்; எல்லாமே வானத்திலிருந்து பார்த்த வரைபடம்" என்று பிரிட்டிஷ் ஓவியரான லானியனைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியல்ல. எஞ்சின் இல்லாமல் பறக்கும் விமானமான கிளைடரில் அவர் பயிற்சிக்குச் சேர்ந்தது 1959இல். ‘போர்த்லெவன்’ ஓவியமோ 1951இலேயே வந்துவிட்டது. ஆளுயரத்தைத் தாண்டும் அந்த நெட்டைப் பலகையில், இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் உள்ள ஒரு துறைமுக ஊர் பல கோணங்களிலிருந்து ஒன்றாக மடிந்து கிடக்கிறது. நிதானமாகப் பார்த்தால் மணிக்கூண்டுகூடத் தெரியும். அவர் அதே கார்ன்வாலின் செயின்ட் ஐவ்ஸில் பிறந்தவர். அந்தக் கரையெல்லாம் காலால் நடந்து அறிந்த இடம். பறக்கத் தொடங்கியபின் நடந்தது வேறு. ‘தெர்மல்’ (1960) படத்தில் நிலம் பின்னுக்குப் போய், கிளைடரை மேலே தூக்கும் வெப்பக் காற்றே ஓவியத்தின் பொருளாகிவிடுகிறது. அதையும் வரைபடம் என்று சொல்வது அவருக்குச் செய்யும் அநியாயம். தயவுசெய்து அந்த வரியைத் திருத்திவிடுங்கள்.