எல்லாமே பக்கத்தில் இருக்கிற வீடு

புறநகரில் வீடு விற்பவர்கள் பெரும்பாலும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள்: ஸ்டேஷன் பக்கம், ஸ்கூல் பக்கம், மெயின் ரோடு பக்கம். நாமும் தலையாட்டிவிடுகிறோம். எவ்வளவு பக்கம் என்று கேட்காமல் விடுவதில்தான் பலருடைய பணம் போகிறது என்பது என் கருத்து.

ரயில் நிலையம் நடக்கிற தூரத்தில் இருந்தால் விலை ஏறும். வீடு தண்டவாளத்தை ஒட்டியிருந்தால் அதே ரயிலின் சத்தம் விலையை இறக்கும். நெடுஞ்சாலையும் அப்படித்தான். விமான நிலையச் சத்தம் பற்றிய ஆய்வுகளை 2004இல் ஜான் நெல்சன் என்ற பொருளாதார அறிஞர் தொகுத்துப் பார்த்தார். அமெரிக்காவில் சத்தத்தின் அளவு ஒரு டெசிபல் கூடினால் வீட்டு விலை அரை சதவீதத்துக்குச் சற்று மேலே குறைகிறது என்று வந்தது. பத்து டெசிபல் என்றால் எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள். பகலில் அவசரமாக வீடு பார்த்துவிட்டு வருகிறவர் காதில் இதெல்லாம் விழுவதில்லை.

பள்ளி விஷயம் வேறு. முகவரியை வைத்துப் பள்ளி ஒதுக்குகிற ஊர்களில் தூரத்தைவிட, எந்த வீடு எந்தப் பள்ளிக்கு என்று பிரிக்கிற எல்லைக்கோடுதான் பேசும். சான்ட்ரா பிளாக் என்ற பொருளாதார அறிஞர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் புறநகர்களில் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த வீடுகளை ஒப்பிட்டார். தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடுதலான பள்ளிக்காகப் பெற்றோர் வீட்டு விலையில் சுமார் 2.5 சதவீதம் கூடக் கொடுத்திருந்தார்கள். பிள்ளை இல்லாதவரும் அங்கே வாங்கினால் அதைக் கொடுத்தே ஆக வேண்டும், விற்கும்போது திரும்ப வரும் என்ற நம்பிக்கையில். சரி, அந்த எல்லைக்கோட்டை நிர்வாகம் நாளைக்கே மாற்றி வரைந்தால்? அதற்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை.

எனக்கு அதிக எரிச்சல் தருவது ‘எதிரே திறந்தவெளி’ என்கிற பேச்சு. பொதுப் பூங்காவா, யாரோ ஒருவரின் காலி மனையா? பூங்கா என்றால் கூடக் கொடுக்கலாம். காலி மனை என்றால், அங்கே என்ன கட்ட அனுமதி உண்டு என்று நிலப் பயன்பாட்டு வரைபடத்தைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். கிடங்கு வந்தால் காற்றும் போச்சு, தூக்கமும் போச்சு.

அப்புறம் ஏரி பார்த்த வீடு. காட்சிக்கு விலை உண்டு, ஆனால் தண்ணீர் எங்கே வடிகிறது என்பது விளம்பரப் படத்தில் வராது. சமையலறை மேடைக் கல்லைத் தடவிப் பார்க்கிற நேரத்தில் பாதியை இதற்குக் கொடுக்கலாம். கனமழை பெய்த மறுநாள் போங்கள். “இன்னைக்கு ரோடு சரியில்ல, அடுத்த வாரம் வாங்க” என்று தரகர் சொன்னால், கட்டாயம் அன்றைக்கே போங்கள்.