முளையில் தெரியாத பயிர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணி. தெற்கு லண்டனில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்கா. இரவெல்லாம் பெய்த மழையில் திடல் சேறாகிக் கிடந்தது. எட்டு வயதுப் பையன்கள், ஓர் அணிக்கு ஏழு பேராக, பந்தைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். கோட்டுக்கு வெளியே காபிக் கோப்பைகளுடன் நாங்கள், பெற்றோர் கூட்டம். எங்களிடமிருந்து பத்தடி தள்ளி ஒருவர் தனியாக நின்றார். மார்பில் ஒரு பெரிய கிளப்பின் சின்னம் பொறித்த கறுப்பு அங்கி, கையில் சிறிய குறிப்பேடு. அவர் யார் என்று கூட்டத்துக்குத் தெரிய இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அதுவரை "பந்தைக் கொடு, கொடு" என்று மகனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்த ஓர் அப்பா, "நீயே அடி" என்று கத்தத் தொடங்கினார்.

வந்தவர் ஸ்கவுட், கிளப்புக்காகத் திறமையான பிள்ளைகளைத் தேடி வருபவர். தமிழில் சாரணர் என்று எழுதினால் காக்கி அரைக்கால் சட்டையும் கழுத்தில் துணியும்தான் கண்முன் வரும். ஒற்றர் என்ற பழைய சொல்தான் இந்த வேலைக்குப் பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. யாரிடமும் பேசாமல் நின்று பார்த்து, எழுதிக்கொண்டு, போய்ச் சொல்கிற வேலை.

ஆட்டம் முடிந்ததும் அவர் எங்கள் பயிற்சியாளரிடம் இரண்டு பையன்களைப் பற்றி விசாரித்தார். இரண்டு பேரையும் எனக்குத் தெரியும். ஒருவனுடைய பிறந்தநாள் செப்டம்பர் முதல் வாரம், மற்றவனுக்கு அக்டோபர். இரண்டு வீட்டுக் கேக்கையும் சாப்பிட்டிருக்கிறேன். என் மகன் ஆகஸ்ட் 19. அவனைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. அவன் அப்படியொன்றும் பெரிய ஆட்டக்காரன் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். எனவே இது வயிற்றெரிச்சலில் எழுதும் பதிவு இல்லை. கொஞ்சம் இருக்கலாம்.

இங்கிலாந்தில் பள்ளி ஆண்டு செப்டம்பர் 1இல் தொடங்கி ஆகஸ்ட் 31இல் முடிகிறது. சிறுவர் கால்பந்தின் வயதுப் பிரிவுகளும் அதே கணக்குதான். செப்டம்பரில் பிறந்தவனும் அடுத்த ஆகஸ்டில் பிறந்தவனும் ஒரே அணியில், ஒரே திடலில். இருவருக்கும் இடையே ஏறக்குறைய ஒரு வருடம். எட்டு வயதுக்காரனுக்கு ஒரு வருடம் என்றால் அவன் வாழ்ந்த வாழ்க்கையில் எட்டில் ஒரு பங்கு. மூத்தவன் அரைத்தலை உயரம் கூடியிருப்பான், தோளில் இடித்தால் இளையவன் சேற்றில் விழுவான், பந்து மூத்தவனிடம் இருக்கும். கோட்டுக்கு வெளியே நிற்பவர் குறிப்பேட்டில் "திறமை" என்று எழுதிக்கொள்வார்.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. கனடாவின் ஐஸ் ஹாக்கியில் 1980களிலேயே இதைக் கவனித்து எழுதிவிட்டார்கள். இங்கிலாந்தின் கால்பந்து அகாடமிகளில், அதாவது கிளப்புகள் சிறுவர்களைச் சேர்த்து வளர்க்கும் பயிற்சிப் பள்ளிகளில், எந்த ஆண்டு எண்ணிப் பார்த்தாலும், செப்டம்பர் முதல் நவம்பர் வரை பிறந்த பையன்கள் கோடையில் பிறந்தவர்களைவிடப் பல மடங்கு. பிறந்த மாதத்துக்கும் இடது காலுக்கும் என்ன தொடர்பு? ஒன்றும் கிடையாது. ஆனால் ஒன்பது வயதில் எடுத்துக்கொள்ளப்பட்டவனுக்கு நல்ல புல்தரை, நல்ல பயிற்சியாளர், வாரத்தில் மூன்று மாலை, கூட ஆடத் தரமான பையன்கள். விடப்பட்டவனுக்குப் பூங்காச் சேறு. மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தால் எடுக்கப்பட்டவன் உண்மையாகவே மேலான ஆட்டக்காரனாகியிருப்பான். "பார்த்தீர்களா, எங்கள் கண் தவறவில்லை" என்பார்கள். ஒரு செடிக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிவிட்டு, அதுதான் நல்ல விதை என்று சொல்கிற கதை.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று நாமும் சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள்தான். இங்கிலாந்துக் கால்பந்து வீரர் ஹாரி கேனை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்தது 1993 ஜூலை 28, பள்ளி ஆண்டின் வால் முனையில். எட்டு வயதில் லண்டனின் ஆர்சனல் கிளப் அகாடமியில் ஓர் ஆண்டு இருந்தார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். கொஞ்சம் குண்டாக இருந்தான், ஓட்டக்காரன்போல இல்லை என்று அப்போது அகாடமியின் பொறுப்பில் இருந்த லியம் பிரேடி பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். பையன் உள்ளூர் சிறுவர் அணிக்குத் திரும்பி, வாட்ஃபோர்டு கிளப் வழியாக டாட்டனம் கிளப்புக்குப் போனார். அங்கும் உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. நான்கு கிளப்புகளுக்கு இரவல் கொடுத்தார்கள். இன்று டாட்டனத்தின் வரலாற்றில் அதிகக் கோல் அடித்தவர் அவர்தான், 280. இங்கிலாந்து அணிக்கும் அவரே முதலிடம்.

எபரெச்சி எஸே எங்கள் பக்கத்துப் பிள்ளை, கிரீனிச். 1998 ஜூன் 29, இதுவும் கோடைப் பிறப்பு. 13 வயதில் அதே ஆர்சனல் விட்டது. பிறகு ஃபுல்ஹாம், ரெடிங், மில்வால். ஒவ்வொன்றாகக் கதவு சாத்தினார்கள். கடைசியில் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் எடுத்துக்கொண்டது. அங்கிருந்து 2020இல் கிரிஸ்டல் பேலஸ். 2025 மே மாதம் எஃப்ஏ கோப்பை இறுதியாட்டத்தில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிரான ஒரே கோல் அவருடையது. பேலஸின் வரலாற்றிலேயே முதல் பெரிய கோப்பை. அன்று இரவு எங்கள் தெருவில் யாரும் தூங்கவில்லை. மூன்று மாதம் கழித்து ஆர்சனல் சுமார் 6 கோடி பவுண்டு கொடுத்து அவரைத் திரும்ப வாங்கியது. 13 வயதில் கையில் இலவசமாக இருந்த பிள்ளை.

"எப்படியோ மேலே வந்துவிட்டார்களே, முறை தன்னைத் தானே திருத்திக்கொள்கிறதே" என்று என் நண்பர் ஒருவர் வாதாடுவார். வந்தவர்களின் பெயர் நமக்குத் தெரிகிறது. 13 வயதில் நான்கு கதவுகள் சாத்தப்பட்டு, ஐந்தாவது கதவைத் தட்டப் பேருந்துக் காசும் தெம்பும் இல்லாமல் போனவனின் பெயர் யாருக்குத் தெரியும்? கேனின் பின்னால் எத்தனை கேன்கள் இப்போது சரக்கு வேன் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று கணக்கெடுக்க முடியாது. அதனால்தான் இந்தத் தவறு யாருடைய கணக்கிலும் ஏறுவதில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஓர் ஆய்வு உண்டு. நெதர்லாந்தில் செய்தது, 2017இல் வெளியானது. தொழில்முறைக் கிளப்பின் ஸ்கவுட்டுகளைச் சிறுவர் ஆட்டங்களைப் பார்த்து மதிப்பிடச் சொன்னார்கள். ஒரு குழுவுக்கு வயது பற்றி எதுவும் சொல்லவில்லை. இன்னொரு குழுவுக்குப் பிறந்த தேதிப் பட்டியலைக் கையில் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவிடம், சட்டை எண்கள் வயது வரிசைப்படி இருக்கின்றன என்று சொல்லிவிட்டார்கள். முதல் குழு வழக்கம்போல மூத்த பையன்களுக்கே சாய்ந்தது. பிறந்த தேதி கையில் இருந்தும் இரண்டாவது குழுவும் அப்படியே. மூன்றாவது குழுவில் மட்டும் அந்தச் சாய்வு மறைந்துபோனது. காகிதத்தில் இருக்கும் தகவல் கண்ணுக்கு ஏறவில்லை. முதுகில் இருக்கும் எண் ஏறியது. இதற்கு ஆகும் செலவு என்ன? சட்டையை மாற்றிப் போடுகிற நேரம்.

உடல் வளர்ச்சியைக் கணக்கிட்டு, வயதுக்குப் பதிலாக வளர்ச்சிப்படி அணி பிரிக்கும் ஆட்டங்களையும் இங்கிலாந்தின் உச்ச லீக்கான பிரீமியர் லீக் சோதித்துப் பார்த்திருக்கிறது. நல்ல முயற்சிதான். ஆனால் ஞாயிறு காலையில் சேற்றுத் திடலோரம் நிற்கும் ஆளிடம் அதெல்லாம் வந்து சேர்ந்ததாகத் தெரியவில்லை.

ஏன் வந்து சேரவில்லை என்றால், கிளப்புக்கு இந்தத் தவறால் நட்டம் மிகக் குறைவு. 2012இல் இங்கிலாந்து அகாடமிகளுக்குப் புதிய திட்டம் வந்தது. அகாடமிகளை நான்கு தரமாகப் பிரித்தார்கள். ஒரு கிளப்பின் பையனை இன்னொரு கிளப் எடுத்துக்கொண்டால் கொடுக்க வேண்டிய இழப்பீட்டுக்கும் விலைப்பட்டியல் போட்டார்கள். 9 முதல் 11 வயது வரை வளர்த்ததற்கு ஆண்டுக்கு 3,000 பவுண்டு. 12 வயதுக்கு மேல், முதல் தர அகாடமி என்றால் ஆண்டுக்கு 40,000. சீனியர் அணியில் ஆடுகிறவருக்கு ஒரே வாரத்தில் அதைவிட அதிகம் கொடுக்கும் பெரிய கிளப்புகளுக்கு இது சில்லறை. நூறு பேரைச் சேர்த்து ஒருவன் தேறினாலும் லாபம். மற்ற தொண்ணூற்றொன்பது பேர் பட்டியலில் ஒரு வரி.

சின்னக் கிளப்புகளுக்குத்தான் வலித்தது. மேற்கு லண்டனின் பிரெண்ட்ஃபோர்டு 2016இல் தன் அகாடமியையே மூடிவிட்டது. பொறுக்கி எடுத்து வளர்த்த பையன்களை மான்செஸ்டரின் இரண்டு பெரிய கிளப்புகளும் சொற்ப இழப்பீட்டுக்குக் கொண்டுபோய்விட்டன, பிறகு எதற்கு வளர்ப்பது என்று கேட்டது. அதற்குப் பதிலாக 17, 18 வயதில் பெரிய கிளப்புகள் கழித்துவிட்ட இளைஞர்களைத் தேடி எடுத்து ஒரு பி அணி, அதாவது முதல் அணிக்கு அடுத்த அணி, அமைத்தது. 2021இல் பிரீமியர் லீக்குக்கும் ஏறியது. பிறகு அகாடமியைத் திரும்பத் திறந்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம். அந்தச் சில ஆண்டுகள் அவர்கள் செய்தது எனக்குப் பெரிய பாடம். அடுத்தவர் தூக்கி எறிந்த கூடையிலேயே ஓர் அணிக்குத் தேவையான சரக்கு கிடந்திருக்கிறது என்றால், எறிந்தவர்களின் கண்ணைப் பற்றி என்ன சொல்வது?

தெரிந்த குடும்பம் ஒன்று. கிளப்பின் பெயர் வேண்டாம். பையனை எட்டு வயதில் ஆறு வாரத் தேர்வுக்கு அழைத்தார்கள், எடுத்துக்கொண்டார்கள். அவனுடைய பெயரின் முதலெழுத்துகள் மார்பில் அச்சிட்ட பயிற்சி உடை வந்தது. அதைப் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுப் பொங்கலுக்கு வந்தான். அவன் அம்மா வேட்டி எடுத்து வைத்திருந்தார், கட்ட மறுத்துவிட்டான். மூன்று ஆண்டுகள் வாரத்தில் மூன்று மாலையும் ஞாயிறு முழுவதும் அப்பா கார் ஓட்டினார். தமிழ் வகுப்பு போயிற்று, நீச்சல் போயிற்று, நண்பர்களின் பிறந்தநாள் விருந்துகள் போயின. 11 வயதில் ஒரு மின்னஞ்சல் வந்தது, மூன்று பத்தி. இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் "விடுவித்தல்". சிறையிலிருந்து விடுவிப்பதைப் போல.

"அவன் எதையும் கேட்கவில்லை தம்பி. அந்த உடையை மட்டும் துவைக்கப் போடாதே என்றான்" என்றார் அந்த அக்கா. பிறகு ஒரு வருடம் அவன் அதைத்தான் போட்டுக்கொண்டு பள்ளி மைதானத்தில் ஆடினான். சட்டைக் கை மணிக்கட்டுக்கு மேலே ஏறிவிட்டது, இருந்தும் கழற்றவில்லை.

வேறு வழியே இல்லையா என்றால், நார்வே இருக்கிறது. குழந்தைகளுக்கு விளையாட்டில் என்னென்ன உரிமை என்று அங்கே எழுதியே வைத்திருக்கிறார்கள். சின்ன வயதில் தரவரிசைக்கும் தேசியப் போட்டிக்கும் தடை. தென்மேற்கு நார்வேயில் ப்ரின என்றொரு சிறிய ஊர். சுமார் 40 பிள்ளைகள் கொண்ட ஒரு குழு அங்கே ஆண்டுக்கணக்கில் ஒன்றாகவே பயிற்சி எடுத்தது. யாரையும் கழிக்கவில்லை. உள்ளரங்கத் திடலை வார இறுதியில் திறந்துவிடுவார்கள், வேண்டியவர்கள் போய் ஆடலாம். அந்தக் கூட்டத்தில் 15 வயது வரை ஒல்லியாக, சின்னவனாக இருந்த ஒரு பையனின் பெயர் எர்லிங் ஹாலண்ட், இன்று உலகமறிந்த கோல் வீரர். எங்கள் ஊர்க் குறிப்பேடு அவனை எந்த வயதில் விடுவித்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

தமிழ்நாட்டிலிருந்து எனக்கு மாதம் ஒருவராவது எழுதுகிறார்கள். பையனுக்கு ஏழு வயது, அபாரமாக ஆடுகிறான், லண்டன் கிளப் ஒன்றில் சேர்க்க என்ன வழி என்று. வழி இல்லை என்பதே பதில். 18 வயதுக்குக் கீழ் நாடு விட்டு நாடு கிளப் மாற உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதி அனுமதிப்பதில்லை. பெற்றோர் கால்பந்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காகக் குடிபெயர்ந்தால், எல்லையோர ஊர் என்றால், இப்படிச் சில விலக்குகள்தான். இந்த விதியை மீறியதற்காக 2014இல் பார்சிலோனாவுக்கே ஆட்களை வாங்கத் தடை விதித்தார்கள். அங்கே ஆடிக்கொண்டிருந்த ஜப்பான் பையன் கூபோ, 13 வயதில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. எனவே ஐரோப்பியக் கிளப்பின் முத்திரையைப் போட்டுக்கொண்டு உங்கள் ஊரில் கட்டணம் வாங்குகிறவர்களிடம் பயிற்சிக்காகப் பிள்ளையை அனுப்புங்கள், தவறில்லை. விமான டிக்கெட் கனவோடு அனுப்பாதீர்கள்.

உடனே, அர்ஜென்டினாவிலிருந்து சிறுவயதிலேயே வந்த மெஸ்ஸி என்பீர்கள். 2000 செப்டம்பரில் பார்சிலோனா அவரைச் சோதித்துப் பார்த்தது. வயது 13, வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு, ஆள் மிகவும் குள்ளம். மூன்று மாதம் முடிவெடுக்காமல் இழுத்தார்கள். டிசம்பர் 14 அன்று, பொறுமை இழந்த மெஸ்ஸி தரப்பைச் சமாதானப்படுத்தத்தான் பார்சிலோனாவின் கார்லெஸ் ரெக்ஸாக் கையில் கிடைத்த காகித நாப்கினில் ஒப்பந்தம் எழுதினார். அந்த நாப்கின் 2024இல் 7,62,400 பவுண்டுக்கு ஏலம் போனது. கிளப்புகளின் கூர்ந்த கண்ணுக்குச் சான்றாக அதைக் காட்டுகிறார்கள். எனக்கு அதில் அந்த மூன்று மாதம்தான் தெரிகிறது.

12 வயதுக்கு முன் எந்தக் கிளப்பும் எந்தப் பிள்ளையிடமும் கையெழுத்து வாங்கக் கூடாது. அதுவரை ஊர்த் திடலில் ஆடட்டும். கிளப்புகள் வேண்டுமானால் அந்தத் திடல்களுக்குப் பயிற்சியாளர்களை அனுப்பட்டும், சேற்றுக்குக் கொஞ்சம் வடிகால் போட்டுக் கொடுக்கட்டும். என் கோரிக்கை இவ்வளவுதான். அரசியல்வாதியைப்போலப் பேசுகிறேன் என்று மனைவி சொல்கிறாள்.

சொல்லவும் காரணம் இருக்கிறது. நேற்று இரவு பயிற்சியாளர் எல்லாப் பெற்றோருக்கும் ஒரு படிவம் அனுப்பியிருந்தார். வேறொரு கிளப், பள்ளி விடுமுறையில் திறந்த தேர்வு, யார் வேண்டுமானாலும் வரலாம். இந்தப் பதிவை பாதி எழுதி வைத்துவிட்டு அதைத் திறந்தேன். முதல் கட்டம் பெயர், இரண்டாவது பிறந்த தேதி. 19, 08 என்று நிரப்பிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மற்றக் கட்டங்களையும் நிரப்பி அனுப்பிவிட்டேன். வருகிற செவ்வாய், காலை பத்து மணி. புதுக் காலணி வேண்டும் என்கிறான்.